செம்பின் அடியில் மிஞ்சிய பால்

இதை எழுத வேண்டும் என்று கொப்பியை எடுப்பதும், வேண்டாம் என்று மூடி வைப்பதுமாகச் சில வருடங்கள் போய்விட்டன. எழுத இருந்தால் ஒரு பக்கம் கோயில் வந்து நிற்கும், மறு பக்கம் சொந்தம் வந்து நிற்கும். இரண்டையும் தாண்டி என் கை ஓடவில்லை. நான் எட்டாம் வகுப்போடு வயலுக்கு வந்தவன். தேவாரம் பாடுவேன், பேப்பர் வாசிப்பேன். எழுத்து எனக்குப் பழக்கமில்லாத வேலை. ஆனால் என் மனைவிக்கு நடக்காத ஒன்றை நடந்ததாக ஊர் சொல்லிக்கொண்டிருக்கிறது. நடந்தது தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. ஆகவே நானே எழுதுகிறேன். எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் வீடு அக்கராயன் பக்கம், வாய்க்கால் கரையோடு. என் தகப்பனார் குடியேற்றத் திட்டத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, காடு வெட்டிப் பெற்ற காணி. குளத்துத் தண்ணீரில் நெல் செய்கிறோம். எங்களுக்கு ஒரே மகன். அவன் வெளிநாட்டில். மனைவியின் தங்கை கலியாணம் கட்டாதவள். காணியின் மற்றப் பாதியில் தனியாக வீடு கட்டி இருந்தாள். நடுவேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பொட்டு வைத்திருந்தோம். அவளுடைய கறி எங்கள் வீட்டுக்கு வருவதும் எங்கள் வீட்டுப் புட்டு அங்கே போவதும் அதனூடாகத்தான். ஊர் அம்மன் கோயிலைக் கூட்டிக் கழுவுவது, பூ ஆய்ந்து கொடுப்பது எல்லாம் அவள்தான். அவளை நான் மச்சாளாக நினைத்ததில்லை, கூடப் பிறந்தவளாகத்தான் நினைத்திருந்தேன்.

மனைவிக்கு மறதி வருத்தம் வந்தது வாய்க்கால் தண்ணீரில்தான் தெரிந்தது. எங்கள் வயலுக்குத் தண்ணீர் திறக்கும் முறை எப்போது என்று நான் அவளைத்தான் கேட்பேன். நான் மட்டுமல்ல, பக்கத்து வயல்காரரும் அவளைத்தான் கேட்பார்கள். ஒரு போகம், “நாளைக்குத்தான் எங்கட முறை” என்று உறுதியாகச் சொன்னாள். அன்றைக்குத்தான் முறை. தண்ணீர் எங்கள் வயல் வாசலைத் தாண்டி அடுத்த வயலுக்குப் போய்விட்டது. பக்கத்து வயல்காரன் சிரித்துக்கொண்டு, “என்ன, அக்கா இந்தமுறை எங்களுக்குத் தானம் தந்திட்டா” என்றான். அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் தண்ணீர் முறையைத் தவறவிடுகிற ஆளே இல்லை.

பிறகு பொழுது படுகிற நேரங்கள் வந்தன. வெயில் சாயத் தொடங்கினால் அவளுடைய முகம் மாறும். அலுமாரியைத் திறந்து இரண்டு சேலை, என்னுடைய சாரம், காணி உறுதி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு பையில் அடைவாள்.

“இஞ்சேருங்கோ, இன்னும் வெளிக்கிடேல்லையே? எல்லாரும் போயிட்டினம். நாங்கள்தான் கடைசி.”

“எங்கையப்பா போறது? இதுதானே எங்கட வீடு.”

“உங்களுக்கு எப்பவும் விசர்க் கதை. வீடு எண்டால் நான் ஏன் பையைக் கட்டிறன்?”

யுத்தத்தில் இடம்பெயர்ந்த காலத்தில் நாங்கள் பெரும்பாலும் பொழுது படத்தான் வெளிக்கிட்டோம். அந்தப் பை கட்டுகிற பழக்கம் அவளுடைய கைக்குள் இருந்தது. தலைக்குள் மற்றதெல்லாம் அழிய, அது மட்டும் அழியாமல் நின்றது.

முதலில் டவுனில் தனியாக மருந்து கொடுக்கும் ஒரு டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் இரண்டு கேள்வி கேட்டார், அமைதிப்படுத்துகிற குளிசை எழுதித் தந்தார். மச்சாள்தான் பஸ்ஸில் போய் வாங்கி வருவாள். பாதிக் குளிசை கொடுக்க வேண்டும். கத்தியால் வெட்டினால் தூளாகிப் போகும் என்று நான் பல்லால் கடித்து இரண்டாக்குவேன். அந்தக் கசப்பு நாக்கின் அடியில் போய் நிற்கும். குளிசை போட்டால் மனைவி கதிரையில் சரிந்து இருப்பாள். வாயோரம் எச்சில் வழியும். பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஏலவில்லை. அதன்பிறகுதான் பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போனோம்.

அங்கே இருந்த டொக்டர் ஒரு பெண்பிள்ளை. என் மகனை விட வயது குறைவாக இருக்கும். மனைவிக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டு, “அம்மா, இப்ப என்ன மாதம்?” என்று கேட்டார்.

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். “மாதம் தெரியாமலே நீங்கள் வேலைக்கு வந்தனீங்கள்?”

டொக்டர் நன்றாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு இரத்தம் எடுத்தார்கள், தலையை ஸ்கான் செய்தார்கள். மறதி வருவதற்கு வேறு காரணம் இருக்கிறதா, மாற்றக்கூடிய காரணம் எதுவும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் என்று சொன்னார். அப்படி ஒன்றும் இருக்கவில்லை. இது டிமென்சியா என்றார். பழைய குளிசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தச் சொன்னார். ஞாபகத்துக்கென்று வேறொன்று எழுதினார்.

“ஐயா, இது போனதைத் திருப்பித் தராது. இருக்கிறதைக் கொஞ்சக் காலம் பிடிச்சு வைக்கப் பாக்கும். சிலருக்கு அதுவும் செய்யாது. வயித்தைப் பிரட்டினால் வந்து சொல்லுங்கோ.”

“அப்ப இந்தப் பொழுதுபட்ட கூத்துக்கு?”

“அதுக்கு முதல் மருந்து நீங்கள்தான். அவா வெளிக்கிடுவம் எண்டால், இதுதான் வீடெண்டு சண்டை பிடிக்காதேங்கோ. பிடிச்சால் ஆர் வெல்லுறது?”

“அவாதான்.”

“அப்ப ஏன் பிடிக்கிறியள்?”

இன்னும் பல சொன்னார். இருட்டும் முன்பே எல்லா லைற்றையும் போடச் சொன்னார். பகலில் நித்திரை கொள்ள விடாமல் கைக்குப் பழகிய வேலை கொடுக்கச் சொன்னார். திடீரென்று குழப்பம் கூடினால் வருத்தம் முற்றிவிட்டது என்று நினைக்காமல், எங்கேயாவது நோகிறதா, சலம் போகும் வழியில் கிருமியா, வயிறு போகவில்லையா என்று தேடச் சொன்னார். “அவாவுக்குச் சொல்லத் தெரியாது ஐயா. அடிக்கிறதும் கத்திறதும்தான் அவா சொல்லுற விதம்.”

அது மெய்தான். ஒரு கிழமை சோற்றைத் துப்பித் துப்பி என் முகத்தில் எறிந்தாள். வாயைத் திறக்க வைத்துப் பார்த்தால் கடைவாய்ப் பல் அழுகிப் போய் இருந்தது. பல்லைப் பிடுங்கியதும் ஆள் பச்சைப் பிள்ளை மாதிரி இருந்து சாப்பிட்டாள்.

பொழுது படும் வெளிக்கிடலுக்கும் ஒரு வழி பிடித்தேன். அவள் பையைக் கட்டினால், “ஓம், வெளிக்கிடுவம். தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போவம்” என்பேன். பையைச் சைக்கிள் கரியரில் கட்டி, சைக்கிளை உருட்டிக்கொண்டு வாய்க்கால் கரையால் மதகு வரை போவோம். மதகில் கொஞ்சம் இருப்போம். பிறகு மறு கரையால் திரும்பி வருவோம். எங்கள் படலையைக் கண்டதும் அவள், “அப்பாடா, வந்து சேந்திட்டம்” என்பாள். ஒரு நாள் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு என்னிடம் மெல்லமாகச் சொன்னாள்: “நல்ல சனங்கள். முன்பின் தெரியாத எங்களுக்கு இருக்க இடம் தந்திருக்கினம். சத்தம் போடாமல் இருங்கோ.”

அந்த நடைதான் எங்கள் இருவருக்கும் மிச்சமிருந்த குடும்ப வாழ்க்கை. அதில் அவள் என்னோடு கதைத்தாள். யாரென்று சில நாள் தெரியாது, ஆனாலும் கதைத்தாள். அவள் நடக்க வேண்டும், கதைக்க வேண்டும், அது இருக்கும் வரைக்கும் இருக்கட்டும். அம்மனிடம் நான் கேட்டது அவ்வளவுதான்.

மாரி மழை வந்தது. வாய்க்கால் கரை சேறு. நடக்க ஏலாது. விறாந்தையைச் சுற்றிச் சுற்றி நடந்து பார்த்தேன், அவள் ஏமாறவில்லை. ஒரு பின்னேரம் படலையைத் திறக்க விடாமல் பிடித்தபோது என் கையைக் கடித்துவிட்டாள். இரத்தம் ஓடியது. மச்சாள் பொட்டுக்குள்ளால் ஓடி வந்து சேலைத் தலைப்பால் கையைச் சுற்றினாள். அன்றைக்கு நான் மகனுக்குப் போன் எடுத்து அழுதேன். மறைக்க ஒன்றுமில்லை, அழுதேன்.

அடுத்த நாள் மச்சாள் வந்தாள். “அத்தான், அம்மனுக்கு நேத்தி வைப்பம். மத்தியானப் பூசைக்கு அபிஷேகம் செய்த பாலை நான் நாளாந்தம் செம்பில கொண்டாறன். அக்காவுக்குக் குடுங்கோ. ஒரு மண்டலம் குடுத்துப் பாப்பம்.”

என் மனைவி குளிசையைக் கண்டால் வாயை இறுக்குவாள். ஆனால் தீர்த்தம் என்றால், வலக்கையின் கீழே இடக்கையை வைத்துத் தானாக நீட்டுவாள். குடித்துவிட்டு ஈரக் கையைத் தலையில் தடவுவாள். என் பெயர் மறந்த பிறகும் அவளுக்கு அது மறக்கவில்லை. நான் ஒவ்வொரு நாளும் திருநீறு பூசி, ஒரு தேவாரம் சொல்லி, என் கையாலேயே வார்த்துக் கொடுத்தேன்.

சில நாட்களில் அவள் அடங்கினாள். பொழுது பட்டது, பை கட்டவில்லை. கத்தவில்லை. கதிரையில் இருந்து மழையைப் பார்த்தாள். நான் சுவாமி அறைக்குள் போய் நிலத்தில் விழுந்து கிடந்தேன். மண்டலம் முடிந்த பிறகும் பாலை விடவில்லை.

அந்த வருடத் திருவிழாவில் நான் பிரதட்டை செய்தேன். ஈர வேட்டியோடு கோயில் வீதியில் உருண்டேன். வெயில் மணல், முதுகெல்லாம் தோல் போனது. அறுபது தாண்டியவன் செய்கிற வேலையில்லை. செய்தேன். காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். கோயில் மனேச்சர் ஒலிபெருக்கியில், அம்மனின் அபிஷேகப் பாலால் மறதி வருத்தம் தீர்ந்த அடியாரின் துணைவர் பிரதட்டை செய்கிறார் என்று அறிவித்தார். தீரவில்லை, அடங்கியிருக்கிறாள் என்றுதான் நான் சொல்லியிருந்தேன். திருத்தவில்லை. மகன் அதை வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தான். மச்சாள் நான் உருண்ட இடமெல்லாம் கூட வந்து, என் வேட்டியைச் சரிசெய்துகொண்டே வந்தாள். அந்தக் கையை நான் நன்றியோடு நினைத்தேன்.

திருவிழாவுக்குப் பிறகு சனம் வரத் தொடங்கியது. கண்டாவளையில் இருந்து ஒருவர் தன் தாயைக் கூட்டி வந்தார். முள்ளியவளையில் இருந்து ஒரு குடும்பம் தகப்பனைக் கூட்டி வந்து பால் வாங்கிப் போனது. என் வீட்டுக்கும் வந்து மனைவியைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

ஆனால் வீட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அவளுடைய அடி சிறிதாகிக்கொண்டு வந்தது. காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. வாய்க்கால் கரை காய்ந்து கிடந்தபடியால், சைக்கிளை எடுத்து, “வாரும், வெளிக்கிடுவம்” என்று நானே கூப்பிட்டேன். அவள் சைக்கிளைப் பார்த்தாள். கதை பேச்சு எல்லாம் நின்றுவிட்டது. ஒரு நாள் கிணற்றடியில் விழுந்து நெற்றியில் காயம்.

கிளினிக்கில் டொக்டர் அவளுடைய முழங்கையைப் பிடித்து மடக்கி நீட்டிப் பார்த்தார். பழைய சைக்கிள் சில்லு மாதிரி இறுகி இறுகி வந்தது. டொக்டரின் முகம் மாறியது.

“ஐயா, என்ன குளிசை குடுக்கிறியள்?”

“நீங்கள் தந்ததுதான்.”

“வேற?”

“வேற ஒண்டுமில்லை. அம்மன்ர பால் குடுக்கிறன்.”

“பழைய குளிசை வீட்டில இருக்கே?”

“சத்தியமா இல்லை டொக்டர்.”

அவர் என்னைப் பார்த்த பார்வை, பொய் சொல்கிறவனைப் பார்க்கிற பார்வை. எனக்குச் சுட்டது. வீட்டுக்கு வந்து மச்சாளிடம் சொன்னேன், ஆஸ்பத்திரியில் என்னைக் கள்ளனாக்கிவிட்டார்கள் என்று. அவள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி சொன்னாள்: “படிச்ச ஆக்களுக்கு அம்மனில நம்பிக்கை இல்லை அத்தான். அவைன்ர கதையை விடுங்கோ.” நான் ஓமென்றேன். இன்றைக்கும் என்னை அரிப்பது அவள் செய்ததிலும் பார்க்க அந்தப் பதில்தான். கண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அதன்பிறகு ஒரு மத்தியானம் மனைவி பாலைப் பாதியில் விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செம்பின் அடியில் மிச்சம் இருந்தது. அபிஷேகப் பாலை நிலத்தில் ஊற்றக் கூடாது, கால் படும். எங்கள் வீட்டில் மிஞ்சிய பிரசாதத்தை யாராவது சாப்பிட்டு முடிப்பதுதான் வழக்கம். நான் அண்ணாந்து குடித்தேன். தேன் போட்ட பால். இனிப்புப் போன பிறகு நாக்கின் அடியில் ஏதோ நின்றது. வயலுக்குப் போனேன். வரம்பில் மருதமர நிழலில் கொஞ்சம் இருந்தேன். எழும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. வாய் காய்ந்து நாக்குத் தடித்து, கால் என்னுடையதில்லை மாதிரி இருந்தது. தண்ணீர் வரம்பை உடைத்துக்கொண்டு ஓடியிருந்தது. பிரஷர் ஆக்கும் என்று நினைத்தேன்.

சில நாள் கழித்துத் திரும்பவும் அவள் மிச்சம் விட்டாள். திரும்பவும் குடித்தேன். கதிரையில் இருந்தபடியே தலை தொங்கிவிட்டது. விழித்ததும் முதலில் தெரிந்தது அந்தக் கசப்பு. நான் எத்தனையோ தரம் பல்லால் கடித்து இரண்டாக்கிய கசப்பு.

அடுத்த நாள் மத்தியானப் பூசைக்கு நானே கோயிலுக்குப் போய், ஐயரின் கையால் நேரே பால் வாங்கிக் குடித்தேன். இனிப்பு மட்டும்தான். மச்சாள் தன் செம்போடு எனக்கு முன்னமே போய்விட்டிருந்தாள். நான் பொட்டுக்குள்ளால் நுழைந்து அவளுடைய குசினி அடுப்படிக்குப் போனேன். அவள் ஒரு பீரிஸ் தட்டில் எதையோ கரண்டியின் முதுகால் நசித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் செம்பு.

“என்ன பிள்ளை இது?”

அவள் மறைக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள்.

“உன்னைத்தான் கேக்கிறன்.”

“அக்கான்ர பழைய குளிசை. டவுனில கேட்டால் தருவினம்.”

“டொக்டர் நிப்பாட்டச் சொன்னவா எல்லோ?”

“அக்கா டொக்டரைக் கடிக்கேல்லை அத்தான். உங்களைத்தான் கடிச்சவா.”

“என்னட்டைச் சொல்லியிருக்கலாம்.”

“சொன்னால் விடுவியளோ? டொக்டர் சொன்னதெண்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு மதகுக்கும் வீட்டுக்கும் திரிவியள். சனம் சிரிச்சது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் விழுந்தால் அக்காவை ஆர் பாக்கிறது? நான்தானே. எனக்கும் வயது போகுதெல்லோ.”

நான் செம்பைக் காட்டினேன். “அப்ப ஏன் இதுக்குள்ள? தேத்தண்ணிக்குள்ள போட்டிருக்கலாமே.”

அவள் நசித்த தூளைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “தேத்தண்ணியைத் துப்புவா. அம்மன்ர பாலைத் துப்ப மாட்டா.”

அந்த வசனத்தைக் கேட்டதும் நான் வெளிக்கிட்டேன். திரும்பும்போது பின்னால் சொன்னாள்: “என்னை மட்டும் பேசாதேங்கோ. உங்கட மகனுக்கும் தெரியும்.”

மகனுக்குப் போன் எடுத்தேன். அவன் இல்லையென்று சொல்லவில்லை.

“அப்பா, நீங்கள் அண்டைக்கு அழுதனீங்கள். நான் இஞ்ச இருந்து என்னத்தைச் செய்யிறது? சித்தி நல்லதுக்குத்தான் செய்தவா. அம்மா அமைதியாத்தானே இருக்கிறா.”

“நான் பிரதட்டை செய்யேக்க பாத்துக்கொண்டிருந்தனியெல்லோ. அப்பவாவது சொல்லியிருக்கலாமே தம்பி.”

“உங்களுக்கு அது சந்தோசமா இருந்தது அப்பா.”

போனை வைத்துவிட்டு முற்றத்தில் நின்றேன். என் மச்சாள் ஏமாற்றினாள், என் பிள்ளை ஏமாற்றினான். சரி, மனிதர். ஆனால் என் மனம் அன்றைக்கு அம்மனிடமும் போய்க் கேட்டது. உன் பெயரால் வந்த செம்பு, உன் சந்நிதியிலிருந்து வந்த செம்பு. நான் உன் வீதியில் உருளும்போது நீயும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாய். எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் அப்படித்தான் கேட்டேன்.

டொக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. “உங்களைப் பிழையா நினைச்சிட்டன் ஐயா” என்றார். ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், குறைத்துக் குறைத்து நிறுத்துவோம் என்று அளவு சொல்லித் தந்தார்.

“இந்தக் குளிசை நஞ்சில்லை. நானும் சிலபேருக்கு எழுதுறனான். தனக்கோ மற்றவைக்கோ ஆபத்து வாற நிலை எண்டால், ஆகக் குறைஞ்ச அளவில, கொஞ்சக் காலத்துக்கு. பிறகு கூப்பிட்டுப் பாத்து நிப்பாட்டுவம். கண்காணிப்பு இல்லாமல் மாசக்கணக்கில குடுத்தால் இப்பிடித்தான் உடம்பு இறுகும், விழுவினம், பக்கவாதமும் வரலாம்.” பிறகு என்னைக் கேட்டார்: “நீங்கள் எப்ப ஆறுறனீங்கள் ஐயா?” கிழமையில் இரண்டு பின்னேரம் யாராவது அவளோடு இருக்க ஒழுங்கு செய்யச் சொன்னார். மருந்து எழுதுகிற மாதிரியே அதையும் துண்டில் எழுதித் தந்தார். பக்கத்து வயல்காரனின் மனைவி வந்து இருந்தாள்.

குளிசை குறையக் குறைய மனைவியின் கை கால் கொஞ்சம் இளகியது. பழைய நடை வரவில்லை. ஒரு பின்னேரம், நான் குசினியில் நிற்க, அவள் அலுமாரிக்கு முன்னால் நின்று, “பை எங்க? ஆர் எடுத்தது?” என்று கேட்டாள். பிரதட்டை செய்த அன்று வராத கண்ணீர் எனக்கு அப்போது வந்தது. நான் பையை எடுத்துக் கொடுப்பதற்குள், சுணங்கிவிட்டேன் என்று என் கையிலிருந்த அகப்பையைப் பறித்து அதன் காம்பால் முதுகில் ஒன்று போட்டாள். வாங்கிக்கொண்டு சிரித்தேன். மதகு வரை இனி நடக்க அவளுக்கு ஏலாது. படலை வரை போய் வந்தோம். பிந்திய காலத்தில் ஒரு முறை குழப்பம் மிகக் கூடி, சாப்பாடு தண்ணீர் இல்லாமல் போக, டொக்டரே அந்தக் குளிசையை மிகச் சிறிய அளவில் சில கிழமைக்கு எழுதினார். அதைத் தண்ணீரோடு கொடுத்தேன். “இது குளிசை. டொக்டர் தந்தது” என்று அவளுக்குச் சொல்லித்தான் கொடுத்தேன். அவளுக்கு விளங்கியதோ தெரியாது. எனக்கு விளங்க வேண்டியிருந்தது.

இதற்கிடையில் கோயிலில் பால் வாங்க வருகிற சனம் குறையவில்லை. நான் மனேச்சரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் சுற்றிவரப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணை, நடந்தது நடந்திட்டுது. இப்ப தேர் வேலை நடக்குது. இதைச் சொல்லி என்னத்தைக் காணப்போறியள்? பால் ஆருக்கும் கெடுதல் செய்யேல்லைத்தானே.”

“கிளினிக்கை விட்டிட்டு வருகுதுகள் தம்பி.”

“அது அவையவையின்ர நம்பிக்கை.”

முள்ளியவளைக் குடும்பத்தைக் கோயில் வாசலில் கண்டு நானே சொன்னேன். அவர்கள் தகப்பனுக்குக் கிளினிக் மருந்தை நிறுத்திவிட்டிருந்தார்கள். என் மனைவி அடங்கியது குளிசையால், பாலால் அல்ல என்றேன். மூத்த மகன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “ஐயா, உங்கட நேத்தி பலிச்சிட்டுது. மற்றவைக்குக் கிடைக்கக் கூடாதெண்டு நினைக்கிறியளோ?” என்று கேட்டுவிட்டு, தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். அந்தத் தகப்பன் கால் தேய்க்காமல், நல்ல நடை நடந்து போனார். பிறகு அவருக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. கேட்கப் பயமாக இருக்கிறது.

என் மனைவி போன மாரியில் காய்ச்சலோடு கண்ணை மூடினாள். வேலியில் இருந்த பொட்டை நான் எப்போதோ அடைத்துவிட்டேன். ஆனாலும் மச்சாள் படலையால் வந்து அக்காவின் காலடியில் விழுந்து அழுதாள். அது பொய் அழுகை இல்லை. அவளுக்கு அக்காவில் பாசம் இருந்தது. பாசம் இருந்தபடியால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

முப்பத்தோராம் நாள் மகன் நினைவு மலர் அடிப்பித்திருந்தான். அவன் வந்து ஒழுங்கு செய்த காரியம். நான் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. சாப்பாடு முடிந்து தட்டத்தில் வைத்துச் சனத்துக்குக் கொடுக்கும்போதுதான் ஒன்றைத் திறந்தேன். மனைவியின் படத்துக்கு எதிர்ப்பக்கம், அம்மனின் அபிஷேகப் பாலால் மறதி வருத்தம் நீங்கப்பெற்ற புண்ணியவதி என்று அச்சில் இருந்தது. மகனைப் பார்த்தேன். அவன் எனக்குப் பின்னால் நின்றவருக்கு வெற்றிலை நீட்டிக்கொண்டிருந்தான்.

“ஏன் தம்பி இது?”

“எல்லாரும் அப்பிடித்தானே அப்பா சொல்லுகினம். அம்மாவுக்குப் பெருமைதானே.”

மறதி வருத்தத்தோடு, பையைக் கட்டிக்கொண்டு, அடித்துக்கொண்டு, எங்களுக்கு இடம் தந்த சனங்களை வாழ்த்திக்கொண்டு இருந்த ஒருத்தியை நான் பார்த்தேன், கழுவினேன், ஊட்டினேன். அவளை அந்த மலருக்குள் காணவில்லை. சனம் அந்த மலரை வீட்டுக்குக் கொண்டு போய்விட்டது. அதுதான் என்னைக் கடைசியில் எழுத வைத்தது.

நான் இன்னும் கோயிலுக்குப் போகிறேன். கும்பிடுகிறேன். அம்மனோடு எனக்கு வழக்கு முடியவில்லை, ஆனால் வேறு எங்கே போவேன். தீர்த்தம் வரும்போது கை நீள்கிறது. வாய்க்குக் கொண்டு போக முன் ஒரு கணம் நிற்கிறது. அறுபது வருடம் நிற்காத கை.

வாசிக்கிறவர்களே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இப்படி ஒருவர் இருந்தால் இதை அவர்களுக்குச் சொல்லுங்கள். அம்மனைக் கும்பிடுங்கள், கிளினிக்கை விடாதீர்கள். மருந்து கொடுப்பதென்றால் டொக்டருக்கும் வீட்டுக்கும் தெரியக் கொடுங்கள். ஆனால் சொல்லும்போது ஒன்றையும் கூட்டிச் சொல்லாதீர்கள். என் மச்சாளை இதிலும் கெட்டவளாக்க வேண்டாம், அவள் செய்தது அவ்வளவுதான். என்னைப் பாவமாக்கவும் வேண்டாம். பாலுக்குள் குளிசை இருந்தது, அதை என் கை கொடுத்தது, என் மனைவி நம்பிக் குடித்தாள். ஒலிபெருக்கியில் ஒரு சொல்லை மாற்றியதால் எத்தனை பேர் வழி மாறினார்கள் என்று நான் கண்டுவிட்டேன். ஆகவே கேட்டுக்கொள்கிறேன், இதை நான் எழுதியபடியே கொடுங்கள்.